பழைய பெட்டியில் புதிய போர்டு: வீட்டுக் கணினி மேம்படுத்தலில் இடறும் இடங்கள்

2013, 2014 வாக்கில் வாங்கிய கணினிகள் பல வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5-4570, எச்81 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ரேம், ஒரு ஹார்ட் டிஸ்க், கூடவே ஒரு ஜிடி 210 கிராபிக்ஸ் கார்டு. இந்தப் பதிவில் வரும் பெட்டியும் அதே ரகம்தான். பிள்ளைகளின் புராஜெக்ட் பிரின்ட் அவுட், கரண்ட் பில், கல்யாணப் போட்டோக்கள், ராத்திரியானால் பழைய கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டி டிஜிட்டலாக்கும் வேலை என எல்லாம் ஒரே மேசையில் நடக்கும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றில் ஓரிரண்டைத் தவிர எதையும் அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை.

புதிதாக வாங்கிய பாகமே பழுதாக இருப்பது அபூர்வம். பழையதும் புதியதும் ஒன்றையொன்று தொடும் இடங்களில்தான் முக்கால்வாசித் தகராறும் வரும். பழைய எஸ்எம்பிஎஸ் (கரண்ட் சப்ளைப் பெட்டி), பழைய டிஸ்க், பழைய மானிட்டர், பழைய இன்வெர்ட்டர், பழைய கேசட் டெக் எனப் பணம் மிச்சப்படுத்த எதையெல்லாம் வைத்துக்கொள்கிறோமோ, அங்கெல்லாம் ஒரு முறை நின்று பார்த்துவிட்டுப் போவது நல்லது.

பிரவுசரும் பிரின்டரும் மட்டும்தான் வேலை என்றால் போர்டை மாற்றவே வேண்டாம். ஒரு சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே வயரில் மாட்டுவது), இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போதும். இன்னும் சில வருடம் ஓடும். எச்81இல் இருக்கும் நான்கு சாட்டா முனைகளில் இரண்டுக்குத்தான் 6 ஜிகாபிட் வேகம். எஸ்எஸ்டியை அவற்றில் ஒன்றில் செருக வேண்டும். விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருளோ வீடியோ எடிட்டிங்கோ இருந்தால் மேலே படியுங்கள்.

வாங்கியவை: ரைசன் 5 5600ஜி, மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவில் ஒரு செகண்ட் ஹேண்ட் பி450 போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 3200 ரேம் இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான வகை) எஸ்எஸ்டி. கேபினட், எஸ்எம்பிஎஸ், ஹார்ட் டிஸ்க், விஜிஏ மட்டுமே உள்ள மானிட்டர் ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொள்வது முதல் திட்டம். 5600ஜியில் அந்த ‘ஜி’ முக்கியம். வெறும் 5600இல் கிராபிக்ஸ் கிடையாது. போர்டின் பின்னால் இருக்கும் எச்டிஎம்ஐ முனை அதோடு வேலை செய்யாது. இன்டெல்லில் ‘எஃப்’ என்று முடியும் ப்ராசஸர்களுக்கும் இதே கதிதான். கடையில் விலை குறைவு என்று எடுத்துவந்துவிட்டு, படம் வரவில்லை என்று போர்டைத் திருப்பித் தருபவர்கள் நிறைய.

எஸ்எஸ்டியிலும் ஒரு கண்ணி உண்டு. போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 என்ற பட்டை வடிவத்திலேயே சாட்டா வகையும் இருக்கிறது, என்விஎம்இ வகையும் இருக்கிறது. இரண்டும் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். பார்வைக்கு அண்ணன் தம்பி. சில போர்டுகளின் இரண்டாவது எம்.2 இடம் ஒன்றை ஏற்றால் மற்றதை ஏற்காது. போர்டின் மேனுவலில் அந்த ஒரு பக்கத்தைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

பெட்டியைத் திறக்கும் முன்

பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டிய வேலைகள் இவை. பிறகு செய்ய முடியாது.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். ‘ரீஅலொகேட்டட் செக்டார்’ (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்), ‘கரன்ட் பெண்டிங் செக்டார்’ (படிக்கத் திணறும் இடங்கள்) ஆகிய இரண்டு வரிகளிலும் பூஜ்யம் இருக்க வேண்டும். பெண்டிங் எண் இருந்தால் அந்த டிஸ்க்கைப் புதிய கணினிக்குக் கொண்டுபோகாமல், உள்ளதை உடனே வேறிடத்துக்கு நகலெடுப்பதே புத்தி.

ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் கேசட் பதிவுகள் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 2021இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து ஒரு புராஜெக்ட் என்பது ஏயுபி3 என்ற ஒரே கோப்பு. அதற்கு முந்தைய பதிப்புகளில் ஏயுபி கோப்பு சிறியது. ஒலி முழுவதும் பக்கத்தில் ‘டேட்டா’ என்று முடியும் ஃபோல்டரில் துண்டு துண்டாகக் கிடக்கும். ஏயுபி கோப்பை மட்டும் நகலெடுத்தால் பாட்டு வராது, பெயர்தான் வரும். ஃபோல்டரோடு சேர்த்து எடுங்கள். முடித்த பதிவுகளை டபிள்யூஏவி ஆகவோ எஃப்எல்ஏசி ஆகவோ மாற்றி வைத்துக்கொள்வது அதைவிடப் பாதுகாப்பு.

விண்டோஸ் உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள். டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு கட்டப்பட்டது. தனியாக வாங்கிய ரீடெயில் வகையைப் புதிய போர்டுக்கு மாற்றலாம், கம்ப்யூட்டரோடு வந்த ஓஇஎம் வகையை மாற்ற முடியாது. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) ஓடினால் அதை நிறுத்திவைத்து, 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போர்டு மாறியதும் டிஸ்க் அந்த எண்ணைக் கேட்கும். சாவியை அதே டிஸ்க்கில் சேமித்து வைத்தவருக்கு வழியே இல்லை.

கடைசியாக, உள்ளே இருக்கும் வயர் இணைப்புகளைப் போனில் நாலைந்து படம் எடுத்துவைத்தால் பின்னால் வாதம் வராது.

எஸ்எம்பிஎஸ்ஸும் இன்வெர்ட்டரும்

பழைய எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டு, பிளஸ் 12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழே உள்ள ஆம்பியரைப் பாருங்கள். 14 என்று இருந்தால் 12 × 14, அதாவது 168 வாட். இன்றைய போர்டுகளில் ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டிலிருந்துதான் சாப்பிடுகின்றன. 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் ஆம்பியர் எவ்வளவு அச்சடித்திருந்தாலும் அவற்றுக்குப் பயனில்லை.

சோதனை எளிது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து, பிறகு பிளக்கைப் போட்டால் ஃபேன் சுற்ற வேண்டும். மோலக்ஸ் (நான்கு வயர் உள்ள பெரிய) முனையில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 11.4 முதல் 12.6 வோல்ட் வரை, சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வரை சரி. ஆனால் சுமையே இல்லாமல் அளக்கும் இந்தக் கணக்கைப் பெரிதாக நம்ப வேண்டாம். 12.1 காட்டும் எஸ்எம்பிஎஸ்ஸே வீடியோ ரெண்டர் தொடங்கியதும் 11.2க்கு இறங்கிக் கணினியை அணைத்துவிடலாம். சுமையோடு ஓடும்போது அதே மோலக்ஸில் அளப்பதுதான் உண்மையான சோதனை.

இந்தப் பெட்டியிலும் அதுதான். டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்வரை தொல்லை இல்லை, நான்கைந்து நிமிடச் சுமையில் பட்டென்று அணைந்தது. ப்ராசஸர் சூடு 70க்குள்தான் இருந்தது, எனவே சூட்டால் அல்ல. 80 பிளஸ் ‘பிரான்ஸ்’ (மின் சிக்கனத்துக்கான வெண்கலத் தரம்) முத்திரையுள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ் மாட்டியதும் அந்தப் பிரச்சினை நின்றது.

நின்ற இடத்தில் அடுத்தது கிளம்பியது. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தக் கண்ணிமைப்பில் கணினி ரீஸ்டார்ட் ஆகிறது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் ஒருநாளும் அப்படி ஆனதில்லை என்பதால் புதியது மட்டமான சரக்கு என்று தோன்றும், காரணம் வேறு. நல்ல எஸ்எம்பிஎஸ்களில் கரண்ட்டைச் சீராக இழுக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று இருக்கிறது. சதுர அலை தரும் மலிவு இன்வெர்ட்டர்களோடு அதற்கு ஒத்துப்போவதில்லை. சைன் அலை இன்வெர்ட்டர் தேவை. அலை சரியாக இருந்தாலும் நேரம் இருக்கிறது. கரண்ட் நின்ற பிறகு ஒரு ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் தாக்குப்பிடிக்கும் நேரம் சுமார் 16 மில்லி விநாடிதான். இன்வெர்ட்டரின் பின்னாலோ மெனுவிலோ ‘யுபிஎஸ்’, ‘நார்மல்’ என்று ஒரு தேர்வு இருக்கும். யுபிஎஸ் நிலையில் மாறும் நேரம் 10 மில்லி விநாடி அளவுக்கு இருக்கும். நார்மல் நிலையில் அதைப்போல் சில மடங்கு. ஃபேனும் லைட்டும் அதைப் பொருட்படுத்தாது, கணினி பொருட்படுத்தும்.

யுபிஎஸ் நிலைக்கு ஒரு விலையும் உண்டு. வோல்டேஜ் சுமார் 180க்குக் கீழே போனாலே இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவிவிடும். லோ வோல்டேஜ் ஏரியாவில் சாயங்காலம் முழுக்கப் பேட்டரி கரையும். அப்படிப்பட்ட வீட்டில் இன்வெர்ட்டரை நார்மலிலேயே விட்டுவிட்டு, கணினிக்கு மட்டும் ஒரு சிறிய யுபிஎஸ் வைப்பதுதான் கணக்குக்கு வரும்.

இதைச் சோதிக்க விண்டோஸ் தேவையில்லை. பயாஸ் (விண்டோஸுக்கு முன் போர்டிலேயே ஓடும் நிரல்) திரையில் கணினியை நிறுத்தி வைத்துவிட்டு மெயினை அணையுங்கள். டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாத நேரம் என்பதால் ரீஸ்டார்ட் ஆனாலும் நஷ்டமில்லை. பயாஸ் அப்டேட் செய்வதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். அப்டேட் நடுவில் அணைந்தால் போர்டு செங்கல் போல் கிடக்கும்.

மேசைமேல் முதல் உயிர்

புதிய போர்டை நேராகக் கேபினட்டில் பூட்டாதீர்கள். அது வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்து ப்ராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் ஆகியவற்றை மட்டும் இணையுங்கள். டிஸ்க் வேண்டாம்.

5600ஜி போன்ற ஏஎம்4 சாக்கெட் ப்ராசஸரின் அடியில் பின்கள் இருக்கின்றன. முக்கோணக் குறியை சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தினால் தானாகவே விழ வேண்டும், அழுத்தவே கூடாது. கூடவே வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் நான்கு ஸ்க்ரூ வகை. போர்டில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்றினால்தான் உட்காரும். கழற்றும்போது பின்பக்கத் தகட்டை அடியிலிருந்து கையால் தாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கழன்று விழும். ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். கூலரின் அடியிலேயே பேஸ்ட் பூசித்தான் வருகிறது. மேலே இன்னொரு தடவை தடவ வேண்டாம். பின்னால் கூலரை எடுக்க நேர்ந்தால் கணினியைக் கொஞ்சம் ஓட்டிச் சூடேற்றி, இடம் வலமாகத் திருகி எடுங்கள். குளிர்ந்த நிலையில் நேராக இழுத்தால், பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்தே ப்ராசஸர் பிய்ந்துகொண்டு வரும், பின்கள் வளையும்.

ஆன் செய்ய, போர்டில் பவர் ஸ்விட்ச் என்று குறித்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டால் போதும்.

ஃபேன் ஒரு துடிப்பு துடித்து நின்றால் எங்கோ ஷார்ட், அல்லது எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்கிறது. ஃபேன் சுற்றுகிறது, படம் இல்லை என்றால் முதலில் போர்டின் மேல் மூலையில் உள்ள ப்ராசஸர் பவர் முனையைப் பாருங்கள். 24 பின்னைச் செருகிவிட்டு இதை மறப்பது சர்வசாதாரணம். போர்டில் 8 பின் இடம் இருந்து எஸ்எம்பிஎஸ்ஸில் 4 பின் மட்டும் இருந்தால், 65 வாட் ப்ராசஸருக்கு அந்த 4 பின்னே போதும். கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னை மட்டும் அங்கே திணிக்கக் கூடாது; அதில் பாசிட்டிவும் எர்த்தும் இடம் மாறியிருக்கும்.

அடுத்தது ரேம். நான்கு இடங்கள் உள்ள போர்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்தான் முதல் உரிமைக்காரர்கள். ஒன்றே ஒன்று போடுவதென்றால் இரண்டாவதில் போடுங்கள். ரேமை மாட்டிய பிறகு முதல் முறை ஆன் செய்யும்போது ஏஎம்4 போர்டுகள் ஒரு நிமிடம் வரைகூடக் கறுப்புத் திரையோடு நிற்கும். ரேமோடு பழகிக்கொள்கிற நேரம் அது. பொறுமை இல்லாமல் அணைத்து அணைத்துப் போட்டால் அது பழகவே பழகாது.

இதற்கும் அசையவில்லை என்றால் போர்டில் இருக்கும் சிறு எல்இடிகள் பேசும். ப்ராசஸர், ரேம், விஜிஏ, பூட் என்று நான்கு. ப்ராசஸர் விளக்கிலேயே நின்றால், செகண்ட் ஹேண்ட் பி450இல் பெரும்பாலும் பயாஸ் பழையது என்று பொருள். பி450 வந்தது 2018இல், 5600ஜி 2021இல். பழைய பயாஸுக்கு இந்த ப்ராசஸரைத் தெரியவே தெரியாது. பின்னால் ‘ஃப்ளாஷ்பேக்’ பட்டன் இருக்கும் போர்டு என்றால் ப்ராசஸர் இல்லாமலேயே அப்டேட் செய்யலாம்: எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த 32 ஜிபிக்கு மேற்படாத பென்டிரைவ், மேனுவல் சொல்கிற பெயருக்கு மாற்றிய பயாஸ் கோப்பு, குறித்த யூஎஸ்பி முனை, பட்டனை அழுத்திவிட்டுக் கை கட்டி உட்கார வேண்டியதுதான். பட்டன் இல்லாத போர்டு என்றால் பழைய ரைசன் ஒன்றை வைத்திருக்கும் கடையில் கொடுத்துச் செய்ய வேண்டும். வாங்கும்போதே பயாஸ் பதிப்பைக் கேட்டுக்கொண்டால் இந்த அலைச்சல் இல்லை.

விஜிஏ மானிட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு வெறும் வயர் போதாது. டிஜிட்டலை அனலாகாக மாற்றும் சிப் உள்ள அடாப்டர் வேண்டும். இரு பக்கமும் முனை மட்டும் ஒட்டிய மலிவு கேபிளில் படம் வரவே வராது.

கேபினட்டுக்குள்

மேசையில் ஓடிய போர்டு கேபினட்டில் ஓட மறுத்தால் சந்தேகம் ஒன்றே: அடியில் தேவையில்லாத ஒரு பித்தளைத் தாங்கி. பழைய போர்டின் துளைகளுக்கு ஏற்றபடி வைத்த தாங்கிகளில் ஒன்று புதிய போர்டின் துளை இல்லாத இடத்தில் நின்றால் அது போர்டின் முதுகைத் தொட்டு ஷார்ட் ஆக்கும். போர்டைத் தாங்கிகளின் மேல் பிடித்துப் பார்த்து, துளைக்கு நேராக இல்லாத ஒவ்வொன்றையும் கழற்றிவிட வேண்டும்.

முன்பக்க வயர்களில் பவர் எல்இடி மட்டும் அடம் பிடிக்கும். பழைய கேபினட்டில் அதன் பிளாஸ்டிக் முனை மூன்று துளை அகலம், நடுவில் வெறுமை. புதிய போர்டிலோ இரண்டு பின்களும் அடுத்தடுத்து. குண்டூசியால் பிளாஸ்டிக்கின் சின்ன நாக்கைத் தூக்கி, ஓர வயரை உருவி நடுத்துளைக்கு மாற்றிச் செருகினால் பொருந்திவிடும். எல்இடிக்கு பிளஸ் மைனஸ் உண்டு. மாற்றிப் போட்டால் எரியாது, அவ்வளவுதான். ஸ்விட்ச்சுக்கு அதுகூட இல்லை.

முன்பக்க ஹெட்போனுக்கு ஒரே கேபிளில் ‘ஏசி97’, ‘எச்டி ஆடியோ’ என்று இரண்டு தலைகள் தொங்கும். எச்டியைத்தான் மாட்ட வேண்டும். மற்றதை மாட்டினால் ஹெட்போன் செருகியது போர்டுக்கே தெரியாது. ஆடியோ முனையும் யூஎஸ்பி 2 முனையும் இரண்டுமே ஒன்பது பின், விடுபட்ட பின் மட்டும் வேறு இடத்தில். நுழையவில்லை என்றால் அமுக்காதீர்கள், இடம் தவறு.

டிஸ்க்கும் விண்டோஸும்

விண்டோஸை நிறுவும்போது என்விஎம்இ மட்டும் இருக்கட்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா வயரைக் கழற்றிவிடுங்கள். இரண்டும் இருந்தால் நிறுவி, தான் பூட் ஆகத் தேவையான சிறு பார்ட்டிஷனைச் சில சமயம் பழைய டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்துவிடும். எல்லாம் நன்றாக ஓடுவது போலவே இருக்கும். ஒரு வருடம் கழித்து அந்தப் பழைய டிஸ்க் சாகும்போது, அல்லது அதைக் கழற்றும்போது, புத்தம்புது எஸ்எஸ்டியிலிருந்து விண்டோஸ் எழும்பாது.

பழைய விண்டோஸை அப்படியே குளோன் செய்து கொண்டுவரலாம். இன்டெல்லிலிருந்து ஏஎம்டிக்குக்கூடப் பெரும்பாலும் எழும்பிவிடும். ஆனால் பத்து வருடக் குப்பையும் கூடவே வரும். அந்த டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டதாக இருந்தால் யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) பூட்டுக்கு ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்ற வேண்டும். விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவி டேட்டாவை அழிக்காமல் மாற்றித் தரும், பிரைமரி பார்ட்டிஷன்கள் மூன்றுக்கு மேல் இல்லாவிட்டால். முதலில் ‘வேலிடேட்’, அது சரி என்றால் மட்டும் ‘கன்வெர்ட்’. இந்தப் பெட்டிக்குப் புதிதாக நிறுவியதே நல்லது என்று பட்டது.

விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் இடம்), செக்யூர் பூட் (நம்பகமான நிரலை மட்டும் எழுப்புவது), யூஇஎஃப்ஐ. ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்று பயாஸில் இருப்பதை இயக்கினால் முதலாவது முடிந்தது. இரண்டாவதற்கு, பழைய பயாஸ் முறையில் பூட் செய்ய உதவும் சிஎஸ்எம் என்பதை அணைக்க வேண்டும். ஜிடி 210 போன்ற 2009 கால கார்டு உள்ளே இருந்தால் இங்கேதான் திரை கறுத்துப்போகும். அந்தக் கார்டுகளின் உள்ளே யூஇஎஃப்ஐக்கான நிரல் இல்லை. சிஎஸ்எம் இல்லாவிட்டால் அவற்றால் படம் காட்ட முடியாது. கார்டைக் கழற்றி, போர்டின் எச்டிஎம்ஐயில் மானிட்டரை மாட்டினால் படம் திரும்பிவிடும். கழற்றிய கார்டை மறுபடி மாட்ட நினைக்க வேண்டாம். 5600ஜியின் சொந்தக் கிராபிக்ஸே அதைவிடப் பல மடங்கு வேகம். பயாஸுக்குள்ளேயே போக முடியாமல் மாட்டிக்கொண்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பயாஸ் அமைப்புகளை அழிக்கும் கிளியர் சிமாஸ் பின்கள் இரண்டையும் பத்து விநாடி ஷார்ட் செய்யுங்கள். அந்தப் பக்கத்திலேயே இருக்கும் சிஆர்2032 பேட்டரியையும் அளந்துவிடுங்கள். 3 வோல்ட் பேட்டரி 2.8க்குக் கீழே வந்திருந்தால் மாற்றிவிடலாம். செகண்ட் ஹேண்ட் போர்டில் தேதி மாறிக்கொண்டே இருப்பதற்கு அதுதான் காரணம்.

நிறுவும்போது இன்டர்நெட் கேட்டு நிற்கும், வைஃபை டிரைவரோ இருக்காது. போனை யூஎஸ்பியில் செருகி டெதரிங் ஆன் செய்தால் போதும், தனி டிரைவர் வேண்டாம்.

எல்லாம் முடிந்து ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் அது தெரியவில்லையா? டிஸ்க்கைத் திட்டும் முன் சாட்டா முனையை மாற்றிப் பாருங்கள். பல போர்டுகளில் குறிப்பிட்ட எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி இருந்தால் ஒன்றிரண்டு சாட்டா முனைகள் செத்துவிடும். மேனுவலில் சின்ன எழுத்தில் இருக்கும்.

டாஸ்க் மேனேஜரில் 16 ஜிபிக்குப் பதில் 15.4, 13.9 என்று ஏதாவது குறைவாகக் காட்டுவதும் பழுதல்ல. கிராபிக்ஸ் தன் பங்கை ரேமிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் 5600ஜிக்கு ஒற்றை 16 ஜிபியைவிட இரண்டு 8 ஜிபி எவ்வளவோ மேல்; ஒற்றை ரேமில் கிராபிக்ஸ் மூச்சுத் திணறும். வேகம் 2400 அல்லது 2666 என்று காட்டினால் பயாஸில் ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை இயக்கினால்தான் 3200 வரும். இயக்கிய பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நான்கு சுற்று ஓட வேண்டும், ஒரு பிழைகூட இல்லாமல். பிழை வந்தால் 3000க்கு இறக்குங்கள். அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, கெட்டுப்போன கோப்புகள் தெரியும்.

கேசட் பதிவில் வந்த இரண்டு சத்தங்கள்

கணினி நன்றாக ஓடுகிறது, பதிவுதான் கெடுகிறது என்ற நிலைமை இது. இரண்டு வகைத் தொல்லை, இரண்டும் வேறு வேறு.

ஒன்று, எப்போதாவது ஒரு நொடி எல்லாமே திக்கி நிற்பது. மவுஸ் நிற்கும், ஒலி கரகரவென்று இழுக்கும், பிறகு ஒன்றும் நடக்காதது போல் ஓடும். ரைசன் போர்டுகளில் எஃப்டிபிஎம் இயங்கும்போது இப்படி ஆகக்கூடும் என்று ஏஎம்டி 2022இல் ஒப்புக்கொண்டது. அஜீசா (பயாஸுக்குள் இருக்கும் ஏஎம்டியின் நிரல்) 1.2.0.7 முதலான பயாஸ் பதிப்புகளில் அது சரிசெய்யப்பட்டது. செகண்ட் ஹேண்ட் போர்டில் 5600ஜி ஓடும் அளவுக்குப் புதிய, ஆனால் இந்தத் திருத்தத்துக்குப் பழைய பயாஸ் இருப்பது சாத்தியமே. எனவே ஓடுகிறதே என்று விட்டுவிடாமல் பதிப்பைப் பாருங்கள். பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு எக்ஸ்எம்பி அழிந்திருக்கும், பிட்லாக்கர் மறுபடி சாவி கேட்கலாம்.

அதன் பிறகும் இடையிடையே ‘டிக்’ என்று வெட்டினால் லேட்டன்சிமான் என்ற மென்பொருளை ஓட்டினால் எந்த டிரைவர் தாமதப்படுத்துகிறது என்று பெயரோடு காட்டும். வைஃபை டிரைவர் அடிக்கடி மாட்டும். யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலிப்பதிவுக்கான தனிப் பெட்டி) வைத்திருந்தால் முன்பக்க முனையை விட்டுப் பின்னால் போர்டிலேயே செருகுங்கள்.

இன்னொன்று இடைவிடாத இரைச்சல். இதில் காதுக்குத்தான் முதல் வேலை. மவுஸை நகர்த்தினால் மாறுகிற ‘கிர்ர்’ என்றால் போர்டின் உள்ளிருந்து வருவது. யூஎஸ்பி இன்டர்ஃபேஸுக்கு மாறினால் போய்விடும். கேபினட்டின் உலோகத்தைக் கையால் தொட்டால் குறையவோ கூடவோ செய்கிற ‘உம்ம்’ என்றால் எர்த் இல்லை. தொட்டாலும் அசையாத சீரான ‘உம்ம்’ என்றால் எர்த் இரண்டு வழியாக வருகிறது.

எர்த் இல்லாத வீட்டில் என்ன நடக்கிறது என்றால், எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே பேஸிலிருந்தும் (கரண்ட் வரும் வயர்) நியூட்ரலிலிருந்தும் பெட்டியின் உலோகத்துக்குச் சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. சத்தத்தை எர்த்துக்குத் தள்ளுவது அவற்றின் வேலை. எர்த் வயர் எங்கும் போகாவிட்டால் பெட்டி 230இன் பாதியில், 115 வோல்ட் சுமாருக்கு மிதக்கும். கை வைத்தால் சுர்ரென்று இழுப்பது அதனால்தான். கரண்ட் மிகக் குறைவு, ஆனால் அது போக ஒரு வழி தேடும். ஆடியோ கேபிளின் மேலுறை வழியே டெக்குக்குப் போகும்போது பதிவில் விழுகிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்றாவது துளை இருப்பதே எர்த் இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. சுவர் சாக்கெட்டில் பேஸ்–எர்த் வோல்டேஜ் பேஸ்–நியூட்ரல் அளவுக்கு நெருக்கமாகவும், நியூட்ரல்–எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். டிஜிட்டல் மீட்டர் மிதக்கும் வயரிலும் ஏதாவது ஓர் எண்ணைக் காட்டும் என்பதால், சந்தேகம் இருந்தால் எலக்ட்ரீஷியனை வைத்து டெஸ்ட் லாம்ப் போட்டுப் பார்ப்பதே உறுதி. எர்த்தைச் சரிசெய்வதுதான் இதற்கு மருந்து. வேறு குறுக்கு வழி இல்லை.

இரண்டாவது வகையில் எர்த் உண்டு, ஆனால் கணினி ஒரு சாக்கெட்டில், டெக்கோடு இணைந்த ஆம்ப்ளிஃபயர் வேறொரு சாக்கெட்டில். இரண்டு எர்த்துக்கும் இடையே உள்ள சின்ன வித்தியாசம் ஆடியோ கேபிள் வழியே சுற்றுகிறது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் 3.5 மில்லிமீட்டர் முனைகளோடு கிடைக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர், அதாவது இரண்டு சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள், நடுவில் மாட்டலாம். மலிவானதில் பாஸ் கொஞ்சம் மெலியும், மிருதங்கத்தின் தொப்பி ஒலியில் அது தெரியும். பிளக்கின் எர்த் பின்னை உடைத்து இரைச்சலை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். இரைச்சல் நிற்கும், எஸ்எம்பிஎஸ் உள்ளே ஒருநாள் ஷார்ட் ஆனால் பெட்டியைத் தொடுகிறவரும் நிற்பார்.

டெக்கிலிருந்து வரும் வயர் பின்பக்கம் வெளிர் நீல முனையில் இருக்க வேண்டும், ரோஸ் நிற மைக் முனையில் அல்ல. மைக் முனை சிக்னலைப் பெருக்கிப் பிளந்துவிடும். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் கேசட்டுக்குத் தாராளம். உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேசட்டை ஓட்டும் முன், டெக்கை ஆன் செய்து டேப் ஓடாமல் அரை நிமிடம் பதிவு செய்து அளவைப் பாருங்கள். டால்பி இல்லாத சாதாரண கேசட்டின் சொந்த இரைச்சலே மைனஸ் 50 டெசிபல் பக்கத்தில் இருக்கும். வெறும் பதிவு மைனஸ் 60க்குக் கீழே நின்றால் கணினி தரப்பு இரைச்சல் அதற்குள் மறைந்துவிடும், கேசட்டைப் போடலாம்.